கோயில் முகாமா, கிளினிக் வரிசையா, வீட்டு வாசலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் பகுதி கிளினிக்குக்கு ஒரு கமிட்டி உண்டு, அதில் நானும் ஒருத்தி. பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். அவ்வப்போது கூடி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் ஏன் இன்னும் வரவில்லை என்று பேசுவோம், டீ குடிப்போம், கலைவோம். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் இப்படி ஒரு கமிட்டி வேண்டும், அதில் கவுன்சிலரும் கிளினிக் பொறுப்பாளரும் ஊர்க்காரர்களும் இருக்க வேண்டும் என்கிறது. கையில் காசு கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் இத்தனை வருடமாக எங்களுக்குள் சண்டை வர வழியே இல்லாமல் இருந்தது.

இந்த வருடம் காசு வந்துவிட்டது.

கோயில் டிரஸ்ட் வழியாக ஒரு வியாபாரி கொடுத்த நன்கொடை. கட்டடம் கட்டும் அளவுக்கெல்லாம் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: வியாதி வந்தபிறகு பார்க்க ஆஸ்பத்திரி இருக்கிறது, இந்தப் பணம் வருமுன் தடுக்கிற வேலைக்கு மட்டும்தான். அவருடைய அண்ணன் பக்கவாதத்தில் போனவர். தனக்கு பிரஷர் இருப்பதே தெரியாமல் இருந்தவர். சரி என்று வாங்கிக்கொண்டோம். வாங்கிய அன்றைக்கே நான்கு கட்சியாகப் பிரிந்தோம். கோயில் மண்டபத்தில் பெரிய பரிசோதனை முகாம் போடலாம் என்றது ஒரு கட்சி, கிளினிக்கில் தினமும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தையே பரிசோதிக்கலாம் என்றது இன்னொன்று, இந்தக் காலத்தில் எல்லாருக்கும் போனில் செய்தி அனுப்பினால் முடிந்தது என்றார்கள் இளையவர்கள் இரண்டு பேர், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கருவி வாங்கிக் கொடுப்போம் என்றார் கிளினிக் சிஸ்டர். மூன்று கூட்டம் இதிலேயே போனது. நான் எல்லாக் கட்சியிலும் ஒருமுறை இருந்துவிட்டுத்தான் கடைசியில் ஒரு பக்கம் நின்றேன், அதனால் நான்கைப் பற்றியும் பேசும் தகுதி எனக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளைக் கொண்டுவந்து டர்பனில் இறக்கியது. அவர்கள் வழி வந்தவர்களையும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களையும் இன ஒதுக்கல் அரசு 1960களில் நகரத்தின் பல மூலைகளிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்து போட்ட இடம்தான் சாட்ஸ்வர்த். இப்போது வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் மிச்சமிருப்பது தேவாரத்திலும், காவடியிலும், ஆயா (இங்கே பாட்டி), தாத்தா, பெரியம்மா என்று கூப்பிடுவதிலும். நான் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள், அதனால் கோயிலில் அறிவிப்பைத் தமிழில் எழுத வேண்டுமென்றால் என்னைத் தேடுவார்கள்.

கிளினிக் என்றால் நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி, ஆனால் ஒரு பெரிய வித்தியாசம், இங்கே எல்லாம் நர்ஸ் கையில். டாக்டர் வரும் நாள் வருவார், வராத நாள் வரமாட்டார். பிரஷர், சர்க்கரை, எச்ஐவி, டிபி, தடுப்பூசி, கர்ப்பிணி, குழந்தைக்குக் காய்ச்சல் என்று சகலத்தையும் பார்ப்பது நாம் சிஸ்டர் என்று கூப்பிடும் நர்ஸ்கள்தான். 1994இல் மண்டேலா அரசு வந்தவுடனே கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் வைத்தியம் இலவசம் என்றது, 1996இலிருந்து கிளினிக் சேவை எல்லாருக்குமே இலவசம். இலவசம் என்றால் வரிசை. விடியற்காலை ஐந்து மணிக்கே கேட் வாசலில் ஆயாக்கள் மடக்கு நாற்காலியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் முகாம். கேட்க நன்றாக இருக்கும், பார்க்க அதைவிட நன்றாக இருக்கும். மண்டபம் இலவசம், பெண்கள் குழு சமையல், கவுன்சிலர் வந்து போட்டோ எடுத்துக்கொள்வார், நன்கொடை கொடுத்தவர் பெயர் பேனரில். முகாமுக்கு ஒரு நிஜமான பலமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது: கிளினிக் பக்கமே எட்டிப்பார்க்காத ஆண்கள் கோயிலுக்கு வருவார்கள். கிளினிக் திறந்திருப்பது வேலை நாளில், வேலை நேரத்தில். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகிறவன் உடம்பு நன்றாக இருக்கும்போது எதற்கு வரப்போகிறான்?

ஆனால் இரண்டு வருடம் முன்பு ஆடி மாதம் மாரியம்மன் கூழ் அன்றைக்கு நாங்கள் ஒரு சின்ன முகாம் போட்டோம், அந்த அனுபவம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பாதிப் பேர் விரதம். மீதிப் பேர் அப்போதுதான் கூழும் பாயசமும் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை எண்ணை வைத்து யாருக்கு என்ன சொல்வது? சாப்பிடாமல் பார்த்தால் 7.0, எப்போது பார்த்தாலும் அறிகுறியோடு 11.1 என்றெல்லாம் எல்லைக்கோடுகள் இருக்கின்றன, ஆனால் பாயசம் சாப்பிட்டு இருபது நிமிடம் ஆன, வேறு எந்தத் தொந்தரவும் இல்லாத பெரியப்பாவுக்கு 10.4 வந்தால் அது எந்தக் கணக்கில் சேரும்? (இங்கே அளவு மில்லிமோல், நம்மூர் மில்லிகிராம் இல்லை, பதினெட்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு 6 என்று போனில் சொன்னபோது அம்மா, ‘என்னடி இவ்வளவு குறைஞ்சுபோச்சு, உடனே ஏதாவது இனிப்பு சாப்பிடு’ என்று பதறியது தனிக்கதை.) பிரஷரும் அப்படித்தான். மேளச் சத்தத்துக்கு நடுவில் வரிசையில் நின்று களைத்து வந்தவருக்கு 150 வந்தால் அது வியாதியா, மேளமா? 140/90க்கு மேலே என்றால் இன்னொரு நாள் உட்கார வைத்து மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முகாமுக்கு இன்னொரு நாள் என்பது கிடையாது.

அதனால் என்ன செய்தோம், சீட்டு எழுதிக் கொடுத்தோம். ‘திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போங்க.’ கட்டுக் கட்டாக எழுதிக் கொடுத்தோம். அந்தச் சீட்டோடு கிளினிக்குக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று பிறகு சிஸ்டர் எனக்குச் சொன்னபோது விரல் விட்டு எண்ணிவிடலாம்போல் இருந்தது. ஒரு சீட்டு மண்டபத்திலேயே ஊறுகாய் ஜாடிக்குக் கீழே கிடந்தது. யாருடையது என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுக்காரருடையது.

அது எங்கள் சாமர்த்தியக் குறைவு மட்டும் இல்லை. நோய் எதுவும் தெரியாத ஆட்களைக் கூப்பிட்டு மொத்தமாக உடம்பு முழுக்கப் பரிசோதிப்பதால் சாவு குறைகிறதா என்று பல நாட்டு ஆய்வுகளைக் கூட்டிச் சேர்த்துப் பார்த்த கோக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் அறிக்கை ஒன்று 2012இல் வந்தது, 2019இல் புதுப்பித்தார்கள். இரண்டு தடவையும் பதில் ஏறக்குறைய இல்லை என்பதுதான். பரிசோதனையால் பயனே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை, அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை, அங்கே உடம்பு சரியில்லாதவரை டாக்டர் எப்படியும் பார்த்துவிடுவார். இருந்தாலும் எனக்கு அது ஒரு கேள்வியைக் கிளப்பியது: நம்மிடம் இல்லாதது பரிசோதனையா, பரிசோதனைக்குப் பிறகு நடக்க வேண்டியதா?

இன்னொன்று, எச்ஐவி. இந்த நாட்டில் வருமுன் காப்பது என்று பேசிவிட்டு எச்ஐவி பரிசோதனையை விட்டுவிட முடியாது. கோயில் மண்டபத்தில், பெரியம்மா மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து யார் எந்தத் திரைக்குப் பின்னால் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, எந்தப் பையன் போவான்?

இரண்டாவது வழி, வரிசையில் இருப்பவர்களையே பிடிப்பது. இது எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும். மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு அந்த நேரத்தில் எடை, உயரம், பிரஷர், சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் பார்த்துவிடலாம். (நம் ஆட்களுக்கு எடை இயந்திரத்தைவிட டேப்தான் உண்மை பேசும், தெற்காசியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 தாண்டினாலே கவனம் என்பது உலக நீரிழிவுக் கூட்டமைப்பின் கணக்கு. எங்கள் கமிட்டியில் அந்த டேப்பைச் சுற்றவிட்ட கூட்டத்துக்கு அடுத்த கூட்டத்தில் சமோசா யாரும் தொடவில்லை. அதற்கடுத்ததில் தொட்டார்கள்.) குழந்தையைத் தூக்கிக்கொண்டு காய்ச்சலுக்கு வந்த அம்மாவிடம் தடுப்பூசிப் புத்தகத்தை வாங்கி ஒரு புரட்டு புரட்டினால் விட்டுப்போன ஊசியை அன்றைக்கே போட்டுவிடலாம். ஊரில் எந்த வேலைக்கு இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன்? ஒரு நல்ல பிரஷர் கருவி, ஸ்ட்ரிப் டப்பாக்கள், ஒரு மேசை.

ஆள்தான் இல்லை. அந்த மேசையில் உட்காரும் நர்ஸ் இன்னொரு அறையிலிருந்து வர வேண்டும், அவர் வந்தால் அந்த அறை வரிசை நீளும். 2013இலிருந்து நடக்கும் ‘ஐடியல் கிளினிக்’ திட்டத்தில் திடீர் நோய்க்கு ஒரு வழி, நாள்பட்ட நோய்க்கு ஒரு வழி, தாய் சேய்க்கும் தடுப்புக்கும் ஒரு வழி என்று வரும்போதே பிரித்து அனுப்பச் சொல்கிறார்கள். அழகான ஏற்பாடு, தரையில் கலர் கோடுகூடப் போட்டார்கள், எந்தக் கோட்டில் போனாலும் கடைசியில் அதே ஒரு சிஸ்டர்.

அப்புறம் யாருமே யோசிக்காத ஒரு சிக்கல். நாள்பட்ட நோயாளிகள் மாத்திரை வாங்க மட்டும் வந்து வரிசையில் நிற்கக் கூடாது என்பதற்காக அரசு 2014 வாக்கில் தொடங்கிய மருந்து விநியோகத் திட்டம் இங்கே இருக்கிறது, ஊரில் அதற்குப் பெயர் டப்லாப் மெட்ஸ். நிலையாக இருக்கும் நோயாளிக்கு ஆறு மாதச் சீட்டு எழுதிவிட்டால் அவர் பக்கத்துக் கடைத்தெரு மருந்தகத்திலேயே பொட்டலத்தை வாங்கிக்கொள்வார். அருமையான திட்டம், எங்கள் வரிசை பாதியாகக் குறைந்த மாதிரி ஒரு உணர்வு. ஆனால் வரிசையில்தான் பிடிப்போம் என்றால் அந்த ஆள் இப்போது வரிசையிலேயே இல்லையே! கிளினிக்கை வேகமாக்க வேகமாக்க, அங்கே நிற்பவரைப் பிடிக்கும் வாய்ப்பும் குறைகிறது. ஆண்கள் எப்போதும் இல்லை, நோயாளிகளும் இப்போது இல்லை, மிச்சம் தாய்மாரும் காய்ச்சல்காரர்களும்.

மூன்றாவது, போன் செய்தி. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2014 ஆகஸ்டில் தொடங்கிய மாம்கனெக்ட் என்ற அரசுத் திட்டம் மூலமாகக் கர்ப்பிணிகளுக்கு வாரம் தவறாமல் செய்தி போகிறது, என் நாத்தனார் மகள் பிரசவம் வரைக்கும் ஆசையாகப் படித்தாள், அந்த வகையில் மரியாதை உண்டு. ஆனால் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் செய்தி அனுப்பினால் என்ன ஆகும் என்று கேப்டவுனில் 1,372 பேரை வைத்து ஒரு வருடம் பார்த்தார்கள், 2016இல் முடிவு வெளியானது: மேல் எண் குறைந்தது சுமார் 2 புள்ளி. பதில் அனுப்பும் வசதியோடு கொடுத்தபோதும் அதைவிட நன்றாக இல்லை. ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன், ஆயிரக்கணக்கானோருக்கு இரண்டு புள்ளி குறைந்தால் எங்கோ சிலருக்குப் பக்கவாதம் வராமல் போகும். எங்களிடம் இருப்பது ஆயிரக்கணக்கு இல்லை, ஃபைலில் எழுதிய நம்பர்களில் பல இப்போது வேறு யாரிடமோ இருக்கின்றன, ஆயாவின் போன் பேரன் கையில் இருக்கிறது. இளையவர்களில் ஒருவர் உற்சாக மிகுதியில் ‘மாத்திரையை விட்டவங்க எல்லாரையும் ஒரே வாட்ஸப் குழுவில் போட்டுடலாம் ஆன்ட்டி’ என்றார். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை சிஸ்டர் அவருக்கு விளக்கிய தொனியை இங்கே எழுத்தில் கொண்டுவர முடியாது.

நான்காவது வழிக்கு வருகிறேன், இதில்தான் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும்.

இங்கே வீடு வீடாகப் போகும் சமூக சுகாதாரப் பணியாளர்களை சுலு மொழியில் ஒனொம்பிலோ என்பார்கள். இம்பிலோ என்றால் உடல்நலம், உயிர். முழுக்கப் பெண்கள் என்றே சொல்லலாம். முதுகுப்பை, குடை, ஒரு நோட்டு. டிபி வந்தவர் வீட்டில் வேறு யாருக்காவது இருமல் இருக்கிறதா, குழந்தை எடை ஏறுகிறதா, எச்ஐவி மாத்திரையை விட்டுவிட்டாரா என்று பார்ப்பது அவர்கள். இது புதிய யோசனை என்று நினைத்தால் தப்பு, இதே மாகாணத்தில் பிறந்த பழைய யோசனை. 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதி இங்கிருந்து மேற்கே மலையடிவாரத்தில் பொலேலா என்ற இடத்தில் ஒரு சுகாதார நிலையம் தொடங்கினார்கள். நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை, உள்ளூர் ஆட்களைப் பழக்கி ஒவ்வொரு வீடாக அனுப்பி, யார் என்ன சாப்பிடுகிறார்கள், எந்தக் குழந்தை வாடியிருக்கிறது என்று கணக்கெடுத்து, காய்கறித் தோட்டம் போடவைத்து, அதற்கேற்ப வைத்தியம் செய்தார்கள். இன ஒதுக்கல் அரசுக்கு அது பிடிக்கவில்லை, 1950களின் கடைசியில் எல்லாம் கலைந்தது, கார்க் தம்பதி நாட்டை விட்டே போனார்கள். அங்கே வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட ஜாக் கைகர் என்ற அமெரிக்கர் அதை பாஸ்டனுக்கும் மிசிசிப்பிக்கும் கொண்டுபோய் 1960களில் அங்கே சமூக சுகாதார நிலையங்கள் தொடங்கினார். நம் வீட்டு விதையை அடுத்த தெருக்காரன் மரமாக வளர்த்துக்கொண்டான், நாம் இன்னும் முகாம் போடலாமா என்று வாதாடிக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்குக் கூட்டத்தில் சொன்னேன். கைதட்டு கிடைக்கும் என்று நினைத்தேன். பொருளாளர், ‘அதுக்கும் இந்த நன்கொடைக்கும் என்ன சம்பந்தம் தங்கச்சி?’ என்றார். நியாயமான கேள்வி.

சம்பந்தம் இதுதான். 2025இல் எங்கள் மாகாணமான இதே குவாசூலு-நட்டாலின் வடக்கே கிராமப்பகுதியில் நடந்த ஒரு ஆய்வு வெளியானது. பிரஷர் கட்டுக்குள் வராத 774 பேர். சிலரை வழக்கம்போல கிளினிக்குக்கு வரச்சொன்னார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே பிரஷர் கருவி கொடுத்து, ஒனொம்பிலோ போய் அந்த எண்களை எடுத்துவந்து, மருந்தையும் வீட்டிலேயே கொடுத்து, நர்ஸ் தூரத்திலிருந்தே மருந்தைக் கூட்டிக் குறைத்தார். ஆறு மாதத்தில் வீட்டு வழியில் இருந்தவர்களின் மேல் எண் மற்றவர்களைவிட சுமார் 8, 9 புள்ளி கீழே. கேப்டவுனின் 2 புள்ளியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு ஆய்வும் ஒரே மாதிரியான ஆட்களை எடுக்கவில்லை, அதனால் நேருக்கு நேர் தராசில் வைக்க முடியாது, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் செய்தி அனுப்புவதற்கும் ஆள் போவதற்கும் இடையில் உள்ள தூரம் ஏறக்குறைய தெரிகிறது.

அதே பலன் எங்களுக்கும் வரும் என்று நான் நம்பவில்லை. அங்கே தனி நர்ஸ், தனி ஏற்பாடு. இங்கே அப்படி இல்லை. எங்கள் ஒனொம்பிலோ மூன்று பேர் எத்தனை தெருவுக்குப் போக முடியும்? அதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று இருக்கிறது, கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்: நம் வீடுகளில் கேட்டைத் திறக்க மாட்டார்கள். கம்பிக் கேட், உள்ளே நாய், சுவரில் செக்யூரிட்டி கம்பெனி போர்டு. 2021 ஜூலையில் இந்த மாகாணத்தில் நடந்த கலவரத்துக்குப் பிறகு முன்பின் தெரியாத கறுப்பினப் பெண் ஒருத்தி பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தட்டினால் ஜன்னல் வழியாகவே ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கையாட்டும் வீடுகள் உண்டு. அந்தப் பெண்ணின் பையில் இருப்பது நம் உயிரைக் காக்கிற கருவி. எவ்வளவு வெட்கக்கேடு என்று எனக்குத் தோன்றியது, ஆனால் வெட்கப்பட்டால் மட்டும் கேட் திறந்துவிடுமா? அதனால் கோயில் பெண்கள் குழுவிலிருந்து ஒருவர் முதல் இரண்டு மூன்று தடவை கூடப் போவது என்று ஒரு யோசனை வந்தது. தெரிந்த முகம் இருந்தால் கதவு திறக்கும், ஒருமுறை டீ குடித்துவிட்டால் அடுத்த தடவை தனியாகப் போனாலும் திறக்கும். சுலுவும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசும் ஒனொம்பிலோவும், ஆங்கிலமும் கொஞ்சம் தமிழும் பேசும் ஆயாவும் பேசிக்கொள்ளும் அழகை நான் பார்த்திருக்கிறேன். உப்பைப் பற்றிப் பேச இரண்டு பேருக்கும் மொழியே தேவைப்படவில்லை, ஊறுகாய் ஜாடியைக் காட்டிக் கையை விரித்தால் போதும்.

புதிய ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் முகாம் கட்சியும் வரிசைக் கட்சியும் முட்டிக்கொண்டிருந்தன. என் கணக்கு வேறு. கிளினிக் அலமாரியில் இருக்கும் ஃபைல்களில் ஏற்கனவே கண்டுபிடிக்கப்பட்டு, மாத்திரை எழுதப்பட்டு, நடுவில் காணாமல் போனவர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடிக்கும் செலவு ஏற்கனவே ஆகிவிட்டது. அவர்களை விட்டுவிட்டு மண்டபத்தில் புதிதாக நூறு பேரைக் கண்டுபிடித்தால் நாளைக்கு அந்த நூறு பேரும் அதே அலமாரியில் அதே மாதிரி காணாமல் போவார்கள், ஓட்டைக் குடத்துக்கு இன்னொரு குடம் தண்ணீர் இறைப்பது மாதிரி. அதனால் முதல் வேலை, காணாமல் போனவர்களைத் தேடிப் போவது; அதற்கு ஆள் போக வேண்டும், போகிற ஆளிடம் கருவி இருக்க வேண்டும், போய் வந்ததை எழுத ஒரு நோட்டு கிளினிக்கில் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் இந்த வாதம் தலைகீழாகிவிடும், அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கருப்பை வாய்ப் புற்றுநோய். அதில் நம் குறை பின்தொடர்வது மட்டும் இல்லை, பரிசோதனையே நடக்கவில்லை. 2000ஆம் ஆண்டு முதல் முப்பது வயதுக்கு மேல் ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்து வருட இடைவெளியில் மூன்று பாப் ஸ்மியர் (கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) இலவசம் என்பது இந்த நாட்டின் கொள்கை. எச்ஐவி உள்ள பெண்களுக்கு இன்னும் அடிக்கடி. கோயிலில் என் வயதுப் பெண்களிடம் கேட்டால் பிரசவத்துக்குப் பிறகு யாரும் அந்த மேசையில் ஏறவில்லை. வெட்கம், நேரமில்லை, ஆண் நர்ஸ் இருந்தால் என்ன செய்வது, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. (தாழ்ப்பாள்! எல்லாம் அங்கேதான் வந்து நிற்கிறது.) இதை மண்டபத்தில் செய்ய முடியாது, ஒனொம்பிலோ வீட்டில் செய்ய முடியாது, செய்தி அனுப்பி முடியாது. ஒரு அறை, ஒரு விளக்கு, ஒரு பெண் சிஸ்டர், முன்கூட்டியே குறித்த நேரம். கேப்டவுனின் கயலிச்சாவில் 6,555 பெண்களை வைத்து நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்ததன் அடிப்படையில் தாமதிக்காமல் சிகிச்சை கொடுத்தபோது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் நன்றாகவே குறைந்தன; இரண்டாவது, மூன்றாவது தடவை வரச்சொல்வதில்தான் பெண்களை இழக்கிறோம். சின்னப் பெண்களுக்கு 2014இலிருந்து அரசுப் பள்ளிகளில் ஒன்பது வயதிலிருந்தே இந்தப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி போடுகிறார்கள், அவர்கள் பாடு பரவாயில்லை. அம்மாக்களுக்கும் பெரியம்மாக்களுக்கும் புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று கேட்டோம். சிஸ்டர் யோசித்துவிட்டு முடியும் என்றார். தாழ்ப்பாளை நாங்களே வாங்கிப் போட்டுவிட்டோம். அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, வந்தால் இன்னொரு தாழ்ப்பாளாகப் போடுவோம்.

மாலை நேரத்தில் கிளினிக்கைத் திறந்து வைக்கலாமே, ஆண்கள் வருவார்களே என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். நல்ல யோசனை. ஆனால் ஓவர்டைமும் இருட்டிய பிறகு நர்ஸ்கள் வீடு போய்ச் சேருவதும் எங்கள் நன்கொடைக்கு அடங்காது, அது மேலே இருப்பவர்கள் தீர்மானிக்க வேண்டியது. கடிதம் எழுதியிருக்கிறோம். கடிதம் எழுதுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

கடைசியில் ஓட்டெடுப்பு. நன்கொடையில் பெரும்பகுதி வீட்டில் வைத்துப் பார்க்கும் பிரஷர் கருவிகளுக்கும், சர்க்கரை ஸ்ட்ரிப்புக்கும், ஒனொம்பிலோ மூவரின் போன் ஏர்டைமுக்கும், மழைக்காலத்துக்கு நல்ல ஷூவுக்கும். கொஞ்சம் கிளினிக் வரிசையில் ஒரு மேசைக்கு; அதில் நர்ஸ் இல்லை, எடையும் டேப்பும் தடுப்பூசிப் புத்தகமும் பார்க்கப் பழகிய ஒரு ஆள் போதும் என்றார் சிஸ்டர். முகாம் கிடையாது, ஆனால் ஆடிக் கூழ் அன்றைக்கு மண்டபத்தில் ஒரே ஒரு மேசை இருக்கும், அங்கே யாருக்கும் விரலில் குத்த மாட்டோம், கிளினிக்குக்கு வர நாளும் நேரமும் மட்டும் குறித்துக் கொடுப்போம், குறித்த நாளில் வராதவர் வீட்டுக்கு ஆள் போகும் என்பதையும் சொல்லியே அனுப்புவோம். பேனர் இல்லை என்பதில் பொருளாளருக்குக் கடைசிவரை வருத்தம். அவர் முகாம் கட்சியின் தலைவர், அவருடைய நியாயத்தையும் எழுதிவிடுகிறேன்: கூட்டம் கூடினால்தான் ஊருக்கு ஒரு விழிப்பு வரும், ஒவ்வொரு கேட்டாகத் தட்டினால் யாருக்கும் தெரியாது, அடுத்த வருடம் எவன் நன்கொடை கொடுப்பான்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. நன்கொடை கொடுத்தவரிடம் நேரில் போய்ச் சொல்லிப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம்.

கருவிகள் போன வாரம் வந்தன. பெட்டியைப் பிரித்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க சிஸ்டர் கூட்டத்திலேயே ஒவ்வொருவர் கையிலும் சுற்றினார். பொருளாளர் முறை வந்தபோது 172. சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார், 168. கருவி கெட்டுப்போயிருக்கும் என்றார் இவர். சிஸ்டர் வேறு கருவியை எடுத்துச் சுற்றினார், 170. மெதுவாக விசாரித்தபோது தெரிந்தது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்தான், தீபாவளிக்கு முன்னால் தலைசுற்றுகிறது என்று நிறுத்தியவர் திரும்பத் தொடங்கவில்லை, கிளினிக்குக்கும் வரவில்லை. இதை அவரே இப்போது கோயிலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவதால்தான் நானும் எழுதுகிறேன்.

சிஸ்டர் அன்றைக்குத்தான் வாங்கிய நோட்டைப் பிரித்தார். முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, முதல் வரியில் பெயரை எழுதி, பேனாவை மூடாமலே கேட்டார்: ‘அங்கிள், வெள்ளிக்கிழமை காலையில வீட்டுல இருப்பீங்களா? நாயைக் கட்டி வைப்பீங்களா?’